ஐந்து நட்சத்திரப் பையன்கள் ஏன் தேறுவதில்லை: ஓஓடிபி ட்ராஃப்ட் பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பாலில் (பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டு, இனி ஓஓடிபி) ஐந்து ஸீசன் முடித்துவிட்டீர்கள். ஒவ்வொரு வருடமும் ட்ராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ரவுண்டிலேயே பொடென்ஷியல் (எவ்வளவு வளரக்கூடும் என்ற மதிப்பீடு) நட்சத்திரம் யாருக்கு அதிகமோ அவரையே எடுத்தீர்கள். ஐந்து பேரில் ஒருவர்கூட உச்ச மட்டமான மேஜர் லீக்கில் நிலைக்கவில்லை. மூன்று பேருக்கு இரண்டே வருடத்தில் நட்சத்திரம் பாதியாகிவிட்டது. மற்ற இருவரும் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்), இருவருக்கும் முழங்கை போய்விட்டது. இந்த வருடம் உங்களுக்கு 4-வது பிக், அதாவது நாலாவதாக ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. ஒரு பக்கம் 18 வயது வலக்கைப் பிட்சர், ஐந்து நட்சத்திரம். இன்னொரு பக்கம் 21 வயது கல்லூரி சென்டர் ஃபீல்டர் (மைதானத்தின் வெளிப்பகுதியில் நடுவே நிற்பவர்), மூன்றரை நட்சத்திரம். யாரை எடுப்பது, ஸ்கவுட்டுக்கு (ஆட்டக்காரர்களைப் பார்த்து மதிப்பிடுபவர்) கொடுக்கும் பணம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் வீணில்லை. விளையாட்டும் உங்களை ஏமாற்றவில்லை. பட்டியலை நீங்கள் படிக்கும் விதத்தில்தான் சிக்கல். எனக்கும் பல வருடம் இதே சிக்கல் இருந்தது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே விளக்குகிறேன்.

திரையில் தெரியும் பொடென்ஷியல் என்பது அந்தப் பையனைப் பற்றி உங்கள் ஸ்கவுட் சொல்லும் கருத்து. உண்மையான எண் விளையாட்டுக்குள் வேறாக இருக்கிறது, நம் கண்ணுக்கு வராது. அதன் மேல் ஸ்கவுட்டின் பிழை கூடியோ குறைந்தோ ஏறித்தான் நமக்குக் காட்டப்படுகிறது. இதுவரை ஓஓடிபி ஆடும் எல்லோருக்கும் தெரியும். இதற்கு அடுத்த படியைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

நட்சத்திரத்தை விட்டுவிட்டு, நிஜ ஸ்கவுட்கள் பயன்படுத்தும் 20 முதல் 80 வரையிலான அளவுகோலை வைத்துக்கொள்வோம். அதில் 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ட்ராஃப்ட் பட்டியலில் 40 பேர் இருக்கிறார்கள், எல்லோருடைய உண்மையான பொடென்ஷியலும் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கவுட் மேலும் கீழும் 10 புள்ளிவரை தவறக்கூடியவர். பட்டியலில் சிலருக்கு 40 காட்டும், பெரும்பாலோருக்கு 50-ஐ ஒட்டி இருக்கும், ஓரிருவருக்கு 60 வரும். நீங்கள் நட்சத்திர வரிசைப்படி அடுக்கி உச்சியில் இருப்பவரை எடுக்கிறீர்கள். அவர் மற்ற 39 பேரைவிட ஒரு துளியும் சிறந்தவர் இல்லை. உங்கள் ஸ்கவுட் யாரைப் பற்றி அதிகமாகத் தவறினாரோ அந்த ஆள் அவர், அவ்வளவுதான். நிஜத்தில் 40 பேரும் ஒரே அளவில் இருக்கமாட்டார்கள், உச்சியில் உண்மையிலேயே நல்லவர்களும் இருப்பார்கள். ஆனால் மேல்நோக்கிய பிழையெல்லாம் பட்டியலின் உச்சியில்தான் போய்க் குவியும். வரிசைப்படுத்தி முதல் ஆளை எடுக்கும் ஒவ்வொரு முறையும், திறமையோடு சேர்த்து அந்தப் பிழையையும் வாங்குகிறீர்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பையன் உங்கள் அமைப்புக்குள் வருகிறான். சொந்த ஆட்டக்காரர்களை ஸ்கவுட் இன்னும் நன்றாகப் பார்க்கிறார், பிழை சுருங்குகிறது, 60 மெல்ல 50 ஆகிறது. நமக்கோ அவன் கெட்டுப்போய்விட்டான் என்று தோன்றுகிறது. நட்சத்திரம் பாதியான உங்கள் மூன்று பேருக்கும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

என் ஆட்டத்தில் இதை நேரில் பார்த்த நாளைச் சொல்கிறேன். 11-வது பிக்கில் ஒரு ஹைஸ்கூல் ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்பவன்). என் தலைமை ஸ்கவுட் அவனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். விளையாட்டில் எல்லா அணிக்கும் பொதுவாக ஓஎஸ்ஏ என்று ஒரு ஸ்கவுட்டிங் அமைப்பு உண்டு. அதன் பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தால் இரண்டரைதான். எங்கள் ஆள் யாரும் கவனிக்காத முத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மகிழ்ந்து எடுத்தேன். 20 வயதில் ஹை ஏ-வில் (மேஜருக்குக் கீழே உள்ள மைனர் லீக்கின் ஒரு மட்டம்) மூன்று முறை பேட் பிடித்தால் ஒருமுறை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆகிக்கொண்டிருந்தான். அப்போதும் என் ஸ்கவுட் நாலரை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, வேறொருவரை அமர்த்தினேன். அடுத்த முறை அந்தப் பையனின் பக்கத்தைத் திறந்தபோது பொடென்ஷியல் இரண்டு நட்சத்திரம். இடையில் அவன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, காயமும் இல்லை. அவனைப் பார்த்த கண் மாறியிருந்தது. அன்றிலிருந்து நட்சத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்வது யார் என்ற கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது.

அதனால் உங்களுக்கு முதல் வேலை, சொல்பவரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. ஸ்கவுட்டின் பக்கத்தில் மேஜர், மைனர், இன்டர்நேஷனல், அமெச்சூர் என்று நாலு துறைக்கும் தனித்தனி ரேட்டிங் இருக்கும். ட்ராஃப்ட்டுக்கு அமெச்சூர்தான் கணக்கு. மேஜர் லீக் ரேட்டிங் பிரமாதமாக இருந்து அமெச்சூர் சுமாராக இருப்பவரை, ஃப்ரீ ஏஜென்ட்டை (ஒப்பந்தம் முடிந்து யாரும் வாங்கக்கூடிய ஆட்டக்காரர்) வாங்கியே அணி கட்டுபவர் எடுத்துக்கொள்ளட்டும். அதே பக்கத்தில் அவர் டூல்ஸ் பக்கம் சாய்ந்தவரா, எபிலிட்டி பக்கம் சாய்ந்தவரா என்றும் போட்டிருக்கும். டூல்ஸ்காரர் வேகம், பவர், பந்தின் வேகம் என்று நாளைக்கு என்னவாகலாம் என்பதில் மயங்குவார். எபிலிட்டிக்காரர் இன்றைக்கே ஆடத் தெரிந்தவனைத் தூக்கி வைப்பார். இரண்டும் தப்பில்லை. ஆனால் டூல்ஸ் பக்கம் அதிகம் சாய்ந்தவரை வைத்துக்கொண்டு ஹைஸ்கூல் பையன்களின் பொடென்ஷியலை அப்படியே நம்பினால் என் ஷார்ட்ஸ்டாப் கதைதான். நான் நடுநிலையாக இருப்பவரைத் தேடுகிறேன். கிடைக்காவிட்டால் எபிலிட்டி பக்கம் லேசாகச் சாய்ந்தவரை எடுத்துக்கொண்டு, ஹைஸ்கூல் பையன்களுக்கு அவர் கொடுக்கும் எண்ணை மனதுக்குள் சற்றே கூட்டிப் படிக்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, மொத்த ஸ்கவுட்டிங் பட்ஜெட்டைவிட அதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பது முக்கியம். நான்கு துறைக்கும் சதவீதம் ஒதுக்கும் இடம் இருக்கிறது. அமெச்சூருக்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஒதுக்குவேன். மிச்சத்தில் மைனருக்கு அதிகம், ஏனென்றால் ட்ரேடில் மற்ற அணிகளின் இளைஞர்களைக் கேட்கும்போது அந்தக் கண் தேவை. மேஜர் லீக் ஆட்டக்காரர்களுக்கு வருடக்கணக்கான புள்ளிவிவரமே இருக்கிறது, அதைப் படித்தால் போதும்.

அடுத்தது ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரே ஆளைப் பற்றி மூன்று குரல்கள் கிடைக்கின்றன: உங்கள் ஸ்கவுட், ஓஎஸ்ஏ, ட்ராஃப்ட்டுக்கு முன்னால் செய்தியாக வரும் மாக் ட்ராஃப்ட் (யார் யாரை எடுப்பார்கள் என்ற கணிப்பு). மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் பிழை சிறியது. உங்கள் ஆள் மட்டும் வானளவு புகழ்ந்தால் அது கண்டுபிடிப்பாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எத்தனையோ ட்ராஃப்ட்டுக்குப் பிறகு என் அனுபவம், தவறாக இருப்பதே அதிகம். அப்படிப்பட்டவர்களை எடுக்கவே கூடாது என்றில்லை. முதல் ரவுண்டில் எடுக்காதீர்கள். உங்களைத் தவிர யாருக்கும் அவன்மேல் ஆசை இல்லையென்றால் 4-வது ரவுண்டிலும் கிடைப்பான். தவறிப்போனாலும் நஷ்டம் பெரிதில்லை. அறிக்கையில் துல்லியம் எவ்வளவு என்று போட்டிருப்பதையும் பாருங்கள். துல்லியம் குறைவு என்றால், யாரை எடுக்கப்போகிறீர்களோ அவரைத் தனியாகப் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். அறிக்கை வரச் சில நாள் ஆகும் என்பதால் ட்ராஃப்ட் வாரத்தில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது.

நிஜ பேஸ்பாலிலும் இதே கதைதான். இந்தத் தலைமுறையின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான மைக் டிரவுட் 2009 ட்ராஃப்ட்டில் 25-வது ஆளாகத்தான் போனார். நியூ ஜெர்ஸியின் மில்வில் என்ற ஊர்ப் பையன். குளிர் நீடிக்கும் பகுதி என்பதால் வசந்தகாலத்தில் ஆட்டங்கள் குறைவு, ஸ்கவுட்கள் பார்த்த தடவைகளும் குறைவு. கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் ஆடும் பையன்களைப் பார்த்த அளவுக்கு அவரைப் பார்க்கவில்லை. ஏஞ்சல்ஸ் அணிக்கு அந்த வருடம் 24, 25 இரண்டு பிக்கும் இருந்தன. 24-ல் அவர்கள் வாங்கியது ராண்டல் கிரிச்சக்கை, அடுத்த பிக்கில்தான் டிரவுட்.

இனி, ஒரு ஆட்டக்காரரின் பக்கத்தை எப்படிப் படிப்பது. மொத்த நட்சத்திரத்தை மறைத்துவிட்டு உள்ளே இருக்கும் எண்களைப் பாருங்கள். பேட்ஸ்மேன் என்றால் கான்டாக்ட், கேப் பவர், ஹோம்ரன் பவர், ஐ, அவாய்ட் கே என்று தனித்தனியாக இருக்கும். ஐ என்பது எந்தப் பந்தை விட வேண்டும் என்று தெரியும் கண். அவாய்ட் கே என்பது ஸ்ட்ரைக்அவுட் ஆகாமல் தப்பிக்கும் திறன். நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான், அதிலும் பொடென்ஷியலைவிட இன்றைய எண்ணை. பொடென்ஷியலில் பவர் 70, ஆனால் இன்றைக்கு அவாய்ட் கே 25 என்று இருந்தால், அந்த 70 ஆட்டத்தில் வெளிவரவே வழியில்லாமல் போகலாம். பந்து பேட்டில் பட்டால்தானே பவர். ஹைஸ்கூல் புள்ளிவிவரத்தில் .450 பேட்டிங் சராசரி இருப்பது எனக்கு ஒன்றும் சொல்லாது, எதிரே வீசியவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் அதே பையனுக்கு வாக் (நாலு தவறான பந்தால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) எத்தனை, ஸ்ட்ரைக்அவுட் எத்தனை என்பது கொஞ்சம் சொல்லும். கல்லூரி ஆட்டக்காரருக்கு இது நன்றாகவே சொல்லும்.

டிஃபென்ஸை (ஃபீல்டிங்) ஆரம்பத்தில் நான் மதித்ததே இல்லை, இப்போது அதுதான் எனக்கு அடித்தளம். ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்ட், கேட்சர் மூன்றும் கடினமான இடங்கள். அங்கே நிற்கக்கூடியவனுக்குப் பேட்டிங் பாதி வந்தாலே வேலை கிடைத்துவிடும். ஃபர்ஸ்ட் பேஸ் மட்டும் ஆடத் தெரிந்தவனுக்குப் பேட்டிங் முழுக்க வந்தாக வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நட்சத்திரம் இந்த வித்தியாசத்தை முழுசாகக் காட்டாது. ஷார்ட்ஸ்டாப் தேறாவிட்டால் செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ் என்று நகர்த்தலாம். ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து நகர்த்த இடமே கிடையாது. ரேஞ்ச் (ஓடி எட்டக்கூடிய பரப்பு) எவ்வளவு, கை வலு எவ்வளவு என்று உள்ளே போய்ப் பாருங்கள். அடிப்படை இருந்தால் புதிய இடத்தில் நிற்க வைத்துப் பழக்கிவிடலாம், ரேஞ்ச் இல்லாதவனுக்குப் பழக்கம் உதவாது.

பிட்சர்கள் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஸ்டஃப் (பந்தின் வீரியம்), மூவ்மென்ட் (பந்து விலகும் அளவு), கன்ட்ரோல் (குறி தவறாமை) மூன்றும் முன்னால் தெரியும். அதற்குக் கீழே எத்தனை வகைப் பந்து, ஸ்டாமினா எவ்வளவு என்று இருக்கும். ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் வீசுபவர்) ஆக உருப்படியான மூன்று வகைப் பந்தாவது வேண்டும். ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் 70-க்குப் போகும், மூன்றாவதான சேஞ்ச்அப் 35-லேயே நிற்கும் என்றால் அவன் ரிலீவர் (இடையில் வந்து கொஞ்ச நேரம் மட்டும் வீசுபவன்). நல்ல ரிலீவரும் அணிக்குத் தேவைதான், ஆனால் அதற்கு முதல் ரவுண்ட் பிக்கைக் கொடுக்கக்கூடாது. சுமாரான ஸ்டார்ட்டர்களே புல்பென்னுக்கு (ரிலீவர் கூட்டம்) போனதும் ஸ்டஃப் ஏறி நல்ல ரிலீவர் ஆகிவிடுகிறார்கள்.

காயம்தான் பெரிய விஷயம். பக்கத்திலேயே உடம்பு எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும். ஃபிரஜைல் (எளிதில் காயப்படுபவர்) என்று இருக்கும் 18 வயதுப் பிட்சர் மேஜர் லீக் வர நாலைந்து வருடம் ஆகும், அதுவரை அந்த முழங்கை தாங்கவேண்டும். ஒவ்வொரு பெரிய காயமும் ரேட்டிங்கைக் குறைக்கக்கூடியது. உங்கள் பிட்சர்கள் இருவருக்கும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அவர்களுடைய பழைய பக்கத்தில் இந்த வரி என்ன சொல்லியிருந்தது என்று பாருங்கள்.

நிஜ அணிகள் இதில் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கின்றன என்பதற்கு ஒரு தகவல். மேஜர் லீக் ட்ராஃப்ட் 1965-ல் தொடங்கியது. அன்றிலிருந்து 2025 வரை ஒரு ஹைஸ்கூல் வலக்கைப் பிட்சரைக்கூட யாரும் மொத்த ட்ராஃப்ட்டின் முதல் பிக்கில் எடுத்ததில்லை. ஹைஸ்கூல் பிட்சர்கள் என்றாலே முதல் பிக்கில் மூன்று பேர்தான், மூவரும் இடக்கை: 1973-ல் டேவிட் க்ளைட், 1991-ல் பிரையன் டெய்லர், 2014-ல் பிரேடி ஏக்கன். டெய்லரும் ஏக்கனும் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஏக்கனை எடுத்த ஆஸ்ட்ரோஸ் அணி, மருத்துவப் பரிசோதனையில் முழங்கையைப் பார்த்துத் தயங்கியது, ஒப்பந்தம் முறிந்தது, அடுத்த வருடம் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கையெழுத்தாகாததற்கு ஈடாக ஆஸ்ட்ரோஸுக்கு 2015-ல் 2-வது பிக் கிடைத்தது. அதில் எடுத்தது கல்லூரி ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் பிரெக்மனை.

கல்லூரிப் பிட்சர்களும் கல்லில் எழுதிய எழுத்தில்லை. 2013-ன் முதல் பிக் மார்க் ஆப்பெல் மேஜர் லீக்கைத் தொட்டது 2022-ல்தான். ஆனால் 2023-ன் முதல் பிக் பால் ஸ்கீன்ஸ், கல்லூரியிலிருந்து வந்து அடுத்த மே மாதமே பைரேட்ஸ் அணிக்காக வீசி, 2024-ன் நேஷனல் லீக் சிறந்த புதுமுகமும் ஆனார். 21 வயதுக்காரர் மேஜர் லீக்குக்குக் கிட்டத்தில் இருக்கிறார், இடையில் உடைந்துபோக நாட்கள் குறைவு. கல்லூரிப் பிட்சரிடம் எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு இதுதான் காரணம்.

வொர்க் எத்திக் (உழைக்கும் குணம்), இன்டெலிஜென்ஸ் (புத்தி) இரண்டையும் பலர் தாண்டிப் போகிறார்கள். வளர்ச்சியில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் வொர்க் எத்திக் ஹை என்று இருப்பவனை எடுத்துவிடுவேன், யோசிக்கவே மாட்டேன். லோ என்று இருப்பவனை முதல் மூன்று ரவுண்டில் தொடுவதில்லை. என் ஆட்டத்தில் 12-வது ரவுண்டில் எடுத்த ஒரு இடக்கைக் கல்லூரிப் பிட்சர் இருந்தான். ஒன்றரை நட்சத்திரம், ஃபாஸ்ட்பால் மணிக்கு 88 மைலைத் தாண்டாது. கண்ணில் பட்டது இரண்டே விஷயம்: கன்ட்ரோல் இன்றைக்கே 50, வொர்க் எத்திக் ஹை. இரண்டாவது வருடம் சேஞ்ச்அப் 40-லிருந்து 55-க்கு வந்தது. மூன்றாவது வருடம் டபுள் ஏ-வில் (ஹை ஏ-வுக்கு அடுத்த மேல் மட்டம்) வாக்கே கொடுக்காமல் வீசினான். 25 வயதில் என் நான்காவது ஸ்டார்ட்டர். அவன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தை வேகமாக ஓட்டாமல் பந்து பந்தாக உட்கார்ந்து பார்த்தேன். ஆறு இன்னிங்ஸ், இரண்டு ரன்.

இதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓஓடிபியில் உண்மையான பொடென்ஷியலே நிலையானதில்லை. டேலண்ட் சேஞ்ச் ராண்டம்னஸ் என்ற அமைப்பு, வழக்கமாக 100-ல் இருக்கும். அதைக் கூட்டினால் மேலும் கீழும் அதிகம் குதிக்கும், குறைத்தால் அடங்கும். ஆகவே உலகின் சிறந்த ஸ்கவுட் இருந்தாலும் சிலர் விழத்தான் செய்வார்கள், சிலர் எங்கிருந்தோ ஏறத்தான் செய்வார்கள். கடைசி ரவுண்டுகளை இயந்திரத்திடம் விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நிஜத்தில் பின்னாளில் பெரும் நட்சத்திரங்களான மூவரைப் பாருங்கள்: மைக் பியாஸா 1988-ல் 62-வது ரவுண்ட், ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999-ல் 13-வது ரவுண்ட், ஜேக்கப் டிக்ராம் 2010-ல் 9-வது ரவுண்ட். டிக்ராம் கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்தான் ஆடினார். இப்போதைய ட்ராஃப்ட் 20 ரவுண்ட். 8-வது ரவுண்டுக்குப் பிறகு நான் சராசரியான ஆளைத் தேடுவதில்லை. ஏதாவது ஒன்றில் தனித்துத் தெரிபவன் வேண்டும்: ரேஞ்ச் 65 உள்ள சென்டர் ஃபீல்டர், கை வலு உள்ள கேட்சர், கன்ட்ரோல் உள்ள இடக்கை. எல்லாவற்றிலும் 40 என்று இருப்பவனுக்கு எது ஏறினாலும் பெரிதாக மாறாது.

பணக் கணக்கைச் சொல்லாமல் ட்ராஃப்ட் பேச்சு முடியாது. நிஜத்தில் முதல் 10 ரவுண்டின் ஒவ்வொரு பிக்குக்கும் ஸ்லாட் என்று, கையெழுத்துப் போடும் போனஸுக்கான ஒரு தொகை உண்டு. எல்லாம் சேர்ந்தது அணியின் போனஸ் பூல். பூலை 5 சதவீதத்துக்குமேல் தாண்டினால் அடுத்த முதல் ரவுண்ட் பிக் போய்விடும். 2012-ல் ஆஸ்ட்ரோஸ் இதை அழகாகப் பயன்படுத்தியது. முதல் பிக்கின் ஸ்லாட் 72 லட்சம் டாலர். கார்லோஸ் கொரியாவை 48 லட்சத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்து, மிச்சமான பணத்தில் 41-வது பிக்கில் லான்ஸ் மெக்கல்லர்ஸை 25 லட்சம் கொடுத்து வாங்கினார்கள். அதிகம் கேட்கிறார் என்று மற்றவர்கள் தயங்கிய ஆள் அவர். 2017-ல் அந்த அணி உலகத் தொடரை (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) வென்றபோது இருவரும் அதில் இருந்தார்கள்.

ஓஓடிபியில் உங்கள் லீக் விதி எவ்வளவு கறார் என்பது நீங்கள் வைத்த அமைப்பைப் பொறுத்தது. ஆனாலும் யோசனை அப்படியே செல்லும். ஒவ்வொருவரும் என்ன கேட்கிறார், கையெழுத்து வாங்குவது சுலபமா கடினமா என்று பட்டியலில் தெரியும். முதல் ரவுண்டில் உங்களுக்குச் சமமாகத் தெரியும் இருவரில் குறைவாகக் கேட்பவரை எடுங்கள். மிச்சத்தை 2-வது, 3-வது ரவுண்டில் நிறையக் கேட்பதால் கீழே சரிந்து வரும் ஹைஸ்கூல் பையனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருட ட்ராஃப்ட்டில் எனக்குக் கிடைத்த இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் இப்படி வந்தவர்கள்தான். கையெழுத்தே போடமாட்டேன் என்று இருப்பவனிடம் மட்டும் போகாதீர்கள்.

எடுத்த பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனிப் பதில் எழுதும் அளவு விஷயம். தன் தரத்துக்கு ஏற்ற மட்டத்தில் தினமும் ஆட வேண்டும். 19 வயதுப் பையனை அவசரப்பட்டு டபுள் ஏ-வுக்கு அனுப்பி அங்கே .180 சராசரியில் அடிக்க விட்டால் வளர்ச்சி தடைபடும். ஒரே மட்டத்தில் ஆறு ஷார்ட்ஸ்டாப் வைத்து யாருக்கும் ஆட்டம் கிடைக்காமல் செய்வதும் அதே அளவு கெடுதல். மைனர் லீக் கோச்சுகளையும் டெவலப்மென்ட் பட்ஜெட்டையும் கடைசியில் வெட்டுங்கள், முதலில் வெட்டாதீர்கள்.

எம்எல்பி தி ஷோ என்ற இன்னொரு பேஸ்பால் வீடியோ விளையாட்டிலும் இதே முறை செல்லுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே பொடென்ஷியல் ஏ, பி, சி, டி என்று எழுத்தாக வரும், விவரம் குறைவு. வயதையும் ஆடும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள், மற்றபடி உச்சியில் பிழை குவியும் என்பது அங்கேயும் உண்மை.

இப்போது உங்கள் 4-வது பிக். ட்ராஃப்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள். இன்றே இரண்டு பேரையும் தனியாகப் பார்த்துவர ஸ்கவுட்டை அனுப்புங்கள். அந்தப் பிட்சரை ஓஎஸ்ஏ பக்கத்தில் பாருங்கள். அங்கேயும் நாலரைக்கு மேல், மூன்று பந்து, உடம்பு நார்மலோ அதற்கு மேலோ என்றால் எடுக்கலாம், தவறில்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: அந்த சென்டர் ஃபீல்டருக்கு உங்கள் ஸ்கவுட்டும் ஓஎஸ்ஏயும் ஒரே மூன்றரையைத்தான் கொடுக்கிறார்கள், ஐ இன்றைக்கே 55, வொர்க் எத்திக் ஹை, கேட்பதும் ஸ்லாட்டைவிடக் குறைவு. நான் அவரைத்தான் எடுப்பேன். மிச்சமாகும் பணத்தை வைத்துக்கொண்டு 2-வது ரவுண்டில் யார் சரிந்து வருகிறார்கள் என்று பாருங்கள். அந்த 18 வயதுக்காரர்போல இன்னொரு பிட்சர் அங்கே கிடைக்கக்கூடும்.